முப்பத்தெட்டாம் நாள்

எங்கள் வீட்டில் காகிதம் என்றால் அது என் கைக்குத்தான் வரும். பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலிருந்து மகளை பூலாம்பாடிக்குக் கூட்டி வந்த அன்றும், அவர்கள் கொடுத்த சீட்டை மனைவி மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். நாலு வாரத்தில் கண் பரிசோதனை என்று அதில் எழுதியிருந்தது. அங்கிருந்த நர்ஸும் வாயால் ஒருமுறை சொன்னார். நான் தலையாட்டினேன்.

மகள் ஏழரை மாதத்தில் பிறந்தவள். ஒன்றேகால் கிலோ. இருபத்தோரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். முதல் நாள் அவளுக்குக் கொடுத்தது ஒரு மில்லி தாய்ப்பால், மூக்கு வழியாகப் போன குழாயில். மீன்சுருட்டியிலிருந்து துணைக்கு வந்திருந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு, “இது எறும்புக்கே பத்தாதேடா” என்றாள். மனைவி இரண்டு மணிக்கொரு தடவை எழுந்து உட்கார்ந்து பாலைப் பீய்ச்சிக் கொடுத்தாள். வலிக்கிறது என்று ஒருநாளும் சொல்லவில்லை. ஒரு மில்லி இரண்டானது, ஐந்தானது. அப்புறம் குழாயை எடுத்துவிட்டு பாலாடையில் புகட்டக் கற்றுக்கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா நாட்களை எண்ண ஆரம்பித்தாள். முப்பதாம் நாள் சாமி கும்பிட்டுத் தீட்டுக் கழிக்கும்வரை குழந்தையை வாசல் தாண்டவிடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எந்த நாளிலிருந்து முப்பது என்று நான் கேட்டேன்.

“பொட்டியில இருந்ததெல்லாம் வயித்துல இருந்த மாதிரிதான். வூட்டுக்கு வந்தன்னிக்குத்தான் பொறந்தா.”

எனக்கு அது மிகவும் நியாயமாகப்பட்டது. அவள் படும் பாடு முடிந்து எங்களிடம் வந்த நாளையே பிறந்த நாள் என்று நினைக்கப் பிடித்திருந்தது. சீட்டில் இருந்த நாலு வாரத்தையும் அந்த நாளிலிருந்தே எண்ணி, காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டேன்.

வட்டத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தபோது, ஊர் நர்ஸம்மா எடை பார்க்க வந்தார். ஒன்றேமுக்கால் கிலோவைத் தாண்டியிருந்தாள். அவர் முகம் மலர்ந்தது. கண் காட்டியாயிற்றா என்று கேட்டார். நான் பெருமையாகக் காலண்டரைக் காட்டினேன். அவர் சீட்டை வாங்கிப் பிறந்த தேதியைப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார்.

“சார், இன்னிக்கு முப்பத்தெட்டாம் நாள். பத்து நாளு முன்னாடியே காட்டிருக்கணும்.”

குறைமாதக் குழந்தைக்குக் கண்ணின் உள்ளே ரத்தக்குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறந்தபின் அவை தாறுமாறாக வளர்ந்தால் பார்வையே போய்விடலாம். வெளியிலிருந்து பார்க்க ஒன்றும் தெரியாது. நேரத்தோடு கண்டுபிடித்தால் சரிசெய்துவிடலாம் என்று நிதானமாகச் சொன்னார். மறுநாள் அரியலூருக்குக் கண் டாக்டர் வருவார் என்றும் சொன்னார். மகள் அப்போது மடியில் கிடந்து ஜன்னல் பக்கம் விழித்துக்கொண்டிருந்தாள்.

மனைவி என்னைத் திட்டவில்லை. “படிச்சவருன்னுதானே ஒங்க கையில குடுத்தேன்” என்று மட்டும் சொன்னாள்.

வாசல் தாண்டக் கூடாது என்ற அக்காதான் மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாகக் கிளம்பினாள். துணிக்குள் துணி சுற்றிக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். பெரம்பலூரில் பஸ் மாறி அரியலூர் போகும்வரை குழந்தையை யார் கையிலும் கொடுக்கவில்லை.

கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். காத்திருந்தோம். மறுபடி விட்டார்கள். பிறகு உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து அழுகை வந்தது. அவள் அவ்வளவு சத்தமாக அழுது நான் கேட்டதில்லை. மனைவி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் கூப்பிட்டார். ரத்தக்குழாய்கள் ஒழுங்காக வளர்ந்திருக்கின்றன, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பாக்கி, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை பார்ப்போம் என்றார். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எண்ணியதுதான் தாமதத்துக்குக் காரணம் என்று, அக்காவின் கணக்கையும் சேர்த்து, நானே சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். “தலை நிக்கிறது, தவழுறது இதுக்கெல்லாம் குறைமாசக் குழந்தைக்கு நாங்களும் கொஞ்சம் தள்ளித்தாம்மா எண்ணுவோம். கண்ணு மட்டும் அதுக்குக் காத்திருக்காது.” பிறகு மனைவியிடம், “ஆரம்பத்துல இருந்தே தாய்ப்பால் குடுத்து எடையை ஏத்திருக்கீங்க. கண்ணுக்கும் அது நல்லதுதான்” என்றார்.

மனைவி அங்கேதான் அழுதாள். இருபத்தோரு நாள் பெட்டிக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோதுகூட அவள் அப்படி அழுததில்லை.

வீடு வந்ததும் பழைய வட்டத்தை அடித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டேன். அக்கா பின்னால் வந்து நின்றாள்.

“என்னிக்கிலேருந்துடா எண்ணுன?”

“இன்னியிலேருந்துக்கா.”

“இன்னொரு தடவ எண்ணு.”

எண்ணினேன். சரியாக இருந்தது.

அதற்குள் அக்காவின் கணக்குப்படி முப்பதாம் நாள் வந்தது. சாமி கும்பிட்டோம். அந்தக் கணக்கை யாரும் திருத்தவில்லை. சில நாள் கழித்து மறுபடி அரியலூர் போனபோது ஓரத்தில் இருந்த பாக்கியும் முடிந்திருந்தது. டாக்டர் சீட்டில் ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் மனைவி அதைப் படிக்கச் சொன்னாள். இரண்டு கண்ணிலும் ரத்தக்குழாய்கள் முழுதாக வளர்ந்துவிட்டன என்று தமிழில் சொன்னேன்.

“தேதியையும் படிங்க” என்றாள்.

படித்தேன். சீட்டை வாங்கி மடித்து, இந்த முறை தன் பையிலேயே வைத்துக்கொண்டாள். மகள் அக்காவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.