தங்கை போய்ச் சேர்ந்த கணக்கு

வண்ண மீன்களைப் பையில் அடைத்து விமானத்தில் அனுப்பும் அந்தக் கூடத்தில் பை அக்காவைத் தெரியாதவர் கிடையாது. பதினான்கு வருடமாக அதே மேசை. கொஞ்சம் தண்ணீர், மீதியெல்லாம் ஆக்ஸிஜன், வாயை முறுக்கி இரண்டு ரப்பர் பேண்ட். கண்ணை மூடிக்கொண்டே கட்டுவாள். விமானத்தில் மட்டும் அவள் ஒரு நாளும் ஏறியதில்லை.

மேனேஜராக வந்து உட்கார்ந்திருந்த முதலாளியின் மாப்பிள்ளையோ நாலு முறை ஏறியவர், அதை நாற்பது முறை சொன்னவர். எண்ணாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நகரத்திலிருந்து முதல் ஆர்டர் வந்ததும் போனைத் தட்டிப் பார்த்தார்.

"ஒன்பதரை மணி நேரம்தான். பைக்குப் பத்து மீன் போடுங்க. அஞ்சு போட்டா காத்தைத்தான் ஏற்றுமதி பண்ணணும்."

"பறக்கிறதுதான் சார் ஒன்பதரை. இங்க பெட்டியை ஒட்டி அங்க பிரிக்கிறதுக்குள்ள முப்பது ஆயிடும்."

"யார் சொன்னா?"

யார் சொல்ல வேண்டும்? அவள் தங்கை வேலைக்குப் போனது அதே நகரத்துக்குத்தான். வாசலில் கையசைத்ததிலிருந்து "வந்துட்டேன்க்கா" என்று போன் வரும்வரை முப்பத்தொரு மணி நேரம். தங்கை பறந்தது ஒன்பதரை; அக்கா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது முப்பத்தொன்று. அது எந்தப் போனில் வரும்?

"சரி, உங்க இஷ்டம். ஒரு மீன் செத்தாலும் நீங்க தொட்டி கழுவப் போயிடணும்," என்றார் மாப்பிள்ளை.

அக்காவுக்குச் சுருக்கென்றது. பதினான்கு வருட மேசையாயிற்றே! தண்ணீர் கெடாமலிருக்க மீன்களுக்கு இரண்டு நாள் தீனியை நிறுத்தினாள். மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு, நாற்பது மணி நேரம் தாங்கும்படி, பைக்கு ஐந்து மீனாக நாற்பது பை கட்டி அனுப்பினாள். வழக்கம்போல் இன்னொன்றைக் கட்டி அலமாரியில் வைத்தாள். அது சாட்சிப் பை. அங்கே பெட்டி பிரிக்கும் நேரத்தில்தான் இங்கே அதை அவிழ்ப்பாள். மாப்பிள்ளையும் விடவில்லை, பத்து மீன் போட்டு ஒரு பையைப் பக்கத்தில் வைத்தார்.

மறுநாள் காலை வந்து பார்த்தால் அவர் பையில் பத்தும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. "பாவி மனுஷா!" என்று அக்கா அவசரமாகப் பையை அறுத்து மீன்களைத் தொட்டியில் விட்டாள். மதியம் வேறு செய்தி: பெட்டிகள் அந்த ஊர் விமான நிலையத்தில் பரிசோதனைக்குக் காத்துக் கிடக்கின்றன. அக்கா சாப்பாட்டைத் தொடவே இல்லை.

மாலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. முப்பத்தாறு மணி நேரம்! மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டார்.

"இருநூறும் உயிரோட இருக்கு! ஒண்ணுகூடப் போகல!" அந்த ஊர்த் தமிழ் வியாபாரியின் குரல் கூடத்தையே நிறைத்தது. "யாருங்க கட்டினது?"

"எங்க பை அக்கா," என்றார் மாப்பிள்ளை, தன் வாயாலேயே.

அக்கா சாட்சிப் பையை அவிழ்த்தாள். ஐந்தும் தொட்டிக்குள் பாய்ந்தன. கூடமே கைதட்டியது, அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வாரம் அதைவிடத் தூரத்து நகரத்திலிருந்து ஆர்டர் வந்தது. மாப்பிள்ளை போனை எடுத்தார், திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேசைக்கு வந்தார்.

"அக்கா, இந்த ஊருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"