கொள்ளி நெருப்பில் வைத்த சொம்பு

என் வீட்டுக்காரரின் கிறுக்கைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. ஷிப்ட் முடிந்து ஸ்ரீபெரும்புதூருக்கு வந்துவிட்டால் மனுஷனுக்குப் பெண்டாட்டி முகம்கூடத் தெரியாது. மெட்ராஸ்காரர்கள் ஏலத்தில் எடுத்த பழைய ஜெர்மன் கார் ஏதாவது ஒன்று எங்கள் ஷெட்டில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அந்தக் கார்களில் கார்புரேட்டர் கிடையாது. எஞ்சின் எவ்வளவு சூடு என்று ஒரு பித்தளை சென்சார் சொல்லும், அதைக் கேட்டுத்தான் வண்டி பெட்ரோலைப் பீய்ச்சும். சென்சார் பொய் சொன்னால் கண்டபடி பெட்ரோலைக் குடித்துவிட்டு நடுரோட்டில் படுத்துக்கொள்ளும். அதனால் இவர் அதை ஐஸில் ஒரு தரம், கொதிக்கிற தண்ணீரில் ஒரு தரம் முக்கி, மீட்டர் வைத்துப் பார்ப்பார். எவ்வளவு தப்போ அதற்கு ஈடாக ஒயரில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சேர்ப்பார். என் பால் சொம்பு அதற்கே போய்விட்டது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும்தான் அன்றைக்கு அப்படிப் பேசினேன்.

தொண்ணூற்றொன்றில் அப்பா எங்கள் வீட்டில்தான் இறந்தார். ஆண் பிள்ளை இல்லை, நானும் தங்கையும்தான். மூத்த மருமகனே கொள்ளிச்சட்டி தூக்கட்டும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். தங்கை பெங்களூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இங்கே பஸ் ஸ்டிரைக். ரயிலேறி அரக்கோணத்தில் இறங்குவதாக மளிகைக்கடைக்குப் போன் செய்திருந்தாள். அங்கிருந்து அவளை யார் கூட்டி வருவது? டாக்சி ஒன்றுகூட அகப்படவில்லை.

"பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும்மா. சின்னவ வந்தா பாக்கட்டும், வர்லன்னா இன்னா பண்றது" என்றார் பெரியப்பா.

அவள் அப்பாவின் செல்லம். முகத்தைப் பார்க்க முடியாமல் போனால் அவள் என்ன ஆவாளோ. "வண்டிக்கு ஏற்பாடு பண்றேன்" என்று எழுந்து போன என் வீட்டுக்காரரைக் காணோம்.

திரும்பி வந்தவர் யாரையும் பார்க்காமல் அப்பாவின் கால்மாட்டில் போய்க் குந்தினார். கும்பிடுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அப்பாவைக் கிடத்தியிருந்த பெஞ்சுக்கடியில் அடுக்கியிருந்த ஐஸ் பாரை ஸ்க்ரூ டிரைவரால் குத்தி, சில்லுகளை டம்ளரில் அள்ளிக்கொண்டு வெளியே போனார். அழுதுகொண்டிருந்த பெண்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பின்னாலேயே ஓடினேன். பிணம் எடுக்கும்வரை எங்கள் வீட்டில் மட்டுமில்லை, அக்கம்பக்கத்திலும் அடுப்பு எரியாது. தெருவில் எரிந்த ஒரே நெருப்பு, கொள்ளிச்சட்டிக்காக எங்கள் வாசலில் மூட்டிய வறட்டி நெருப்புதான். அதன்மேல் என் பால் சொம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒயரில் தொங்கிய சென்சார். இவர் பக்கத்தில் குந்திக்கொண்டு மீட்டரில் முள்ளைப் பார்க்கிறார். சுற்றிலும் அப்பாவின் பங்காளிகள், அவர்கள் பெண்டாட்டிகள், தெரு ஜனம் மொத்தமும்.

"அறிவு கீதாய்யா உனக்கு? எங்கப்பன் பொணத்துக்கு வெச்ச நெருப்புல வேல பாக்கறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?"

கல்யாணமான நாளிலிருந்து அவரை 'நீ' என்று சொன்னதில்லை. ஆரம்பித்த வாய் நிற்கவில்லை. "இனிமே இந்த நெருப்பத் தொடாத. என் வாசப்படிய மிதிக்காத" என்றும் சொன்னேன்.

"வண்டி ஓடணும்ல. சின்னவ வரணும்ல" என்றார். அவ்வளவுதான். சொம்பை இறக்கிவிட்டு ஷெட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கே ஓடாமல் கிடந்த கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

அதன்பிறகு உட்கார்ந்திருந்தேனே, அது முள்மேல் உட்கார்ந்த மாதிரி. பெண்கள் என்னைப் பார்ப்பதும் காதைக் கடிப்பதுமாக இருந்தார்கள். வெயில் தாழ்ந்ததும் பெரியப்பா வந்து குனிந்து, "வருவாராம்மா? இல்ல பங்காளிப் பையனத் தூக்கச் சொல்லிடவா?" என்று கேட்டார். சற்றுமுன் மனுஷனா என்று கேட்ட அதே வாயால், "வருவாரு, இருங்க" என்றேன். எனக்கே அருவருப்பாக இருந்தது.

பாடையைக் கட்டி முடித்தபோது கார் வந்தது. தங்கை இறங்கி ஓடிவந்து அப்பாவின் முகத்தோடு முகம் வைத்துக்கொண்டாள். ஆசை தீரப் பார்த்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

"மாப்ள, வாங்க, சட்டியத் தூக்கணும்" என்று பெரியப்பா கூப்பிட்டார். இவர் காரை ஒட்டியே நின்றார். நகரவில்லை. என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 'வாங்க' என்று ஒரு வார்த்தை. நாலு பேர் முன்னால் திட்டத் தெரிந்த எனக்கு, அதே நாலு பேர் முன்னால் கூப்பிட நாக்கு எழவில்லை. வெட்கக்கேடு, தலையைக் குனிந்துகொண்டேன்.

எதுவும் தெரியாத தங்கைதான் வெளியே போய், "இன்னா மாமா இங்கியே நிக்கிறீங்க, வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துவந்தாள்.

வாசப்படியில் என்னைத் தாண்டும்போது, "கொஞ்சம் நவுந்துக்கோ, என் மேலெல்லாம் பெட்ரோல் நாத்தம்" என்று மெதுவாகச் சொன்னார்.

அப்பாவைத் தூக்கும்போது நான் கதறிய கதறலைப் பார்த்து, பெற்றவன் மேல் எவ்வளவு பாசம் என்று ஊரே பேசிக்கொண்டது.