சந்தனம் பூசிய சிலிண்டர்

வீடு மாட்டுங்கா லேபர் கேம்பில், ஷெட் டிராம்பே ரோட்டில். ராணுவ டாங்கியின் பீரங்கி சுட்டதும் பின்னால் உதைக்கும். அந்த உதையை வாங்கிக் குழாயைத் திரும்ப முன்னால் தள்ளும் உருளைகள் ஒரு காண்டிராக்டர் மூலம் எங்களிடம் வரும். உள்ளே எண்ணெயும் நைட்ரஜனும் இருக்கும். நைட்ரஜனை ஏற்றி அனுப்புவது எங்கள் வேலை.

அந்த வேலைதான் என் வீட்டுக்காரரைக் கொன்றது. அழுத்தம் இருக்கும்போதே கசிந்த நட்டை இறுக்கினார். ஹோஸ் பிய்த்துக்கொண்டு முகத்தில் அறைந்தது. தாடையே இல்லை. சுவரில் தெறித்ததை நான்தான் கழுவினேன். அதன்பிறகு ஷெட்டில் என் சட்டம்தான். ஹோஸைச் சங்கிலியால் கட்ட வேண்டும். அழுத்தம் இறங்காமல் நட்டைத் தொடக்கூடாது. வால்வை மெல்லத் திறக்க வேண்டும், எதிரே நிற்கக்கூடாது. மீறினால் முதுகில் அடி விழும். என் மகனும் வாங்கியிருக்கிறான்.

அன்று ஆயுத பூஜைக்கு மறுநாள். என் கொழுந்தன் முந்தின நாளே எல்லாச் சிலிண்டருக்கும் கழுத்து மறையச் சந்தனம் அப்பி, சாமந்தி மாலை போட்டிருந்தான். வெல்டிங்குக்கு வைத்திருந்த ஆக்சிஜனுக்கும்தான். எங்கள் ஷெட் புகையில் சிலிண்டர்கள் எல்லாமே கறுத்துக் கிடக்கும். கழுத்தை மட்டும் துடைத்து வைப்போம்; வெள்ளைக் கழுத்து என்றால் ஆக்சிஜன். அதைப் பார்த்துத்தான் பிரிப்போம். சிலிண்டரின் வாய் ஹோஸோடு பொருந்தாவிட்டாலும் மாட்டுவதற்கு அவனே லேத்தில் ஒரு துண்டு கடைந்து வைத்திருந்தான்.

நான் உள்ளே போனபோது மகன் உருளைமேல் குனிந்திருந்தான். கொழுந்தன் கை சிலிண்டர் வால்வைத் திறக்கும் சாவியில் இருந்தது.

"மைனி, லாரி நிக்கி. டிரைவர் ஜல்தி ஜல்திங்கான்."

"கழுத்தப் பாத்தியால?"

"பூச போட்ட சந்தனத்த மறுநாளே தொடைக்கவா? சாமி குத்தம். நைட்ரஜன்தான், நாந்தான வச்சேன்."

"நீ வச்ச லெச்சணம் தெரியும். தள்ளு."

முந்தானையால் அழுத்தித் தேய்த்தேன். சந்தனத்துக்கு அடியில் வெள்ளை.

"ஆக்சிஜன்ல! எண்ணெயில முட்டுனா தீக்குச்சியே வேண்டாம். எம்புள்ள செதறிருவான். கைய எடு!"

"சந்தனம் காஞ்சு வெளுத்திருக்கு மைனி, ஒமக்குக் கண்ணு போச்சு" என்று சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பப் போனான்.

பெரிய ஸ்பேனரை எடுத்து மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. கை இன்னும் சாவியை விடவில்லை. மறுபடி போட்டேன். விழுந்தான். பின்னால் இருந்து என்னைப் பிடித்த மகனை முழங்கையால் நெஞ்சில் இடித்தேன்.

"மௌசி பாகல் ஹோ கயீ!" பைத்தியம் பிடித்துவிட்டது என்று டிரைவர் வாசலில் நின்று கத்தினான்.

மகன் மீதிச் சந்தனத்தையும் கையால் வழித்தான். கழுத்து முழுக்க வெள்ளை. அந்த உருளைப் பக்கத்திலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்குக் கொழுந்தன், "வழுக்கி விழுந்தேன்" என்றானாம். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். எலும்பு கோணலாகத்தான் சேர்ந்தது. அந்தக் கோணல் கையால் இன்றைக்கும் அவன்தான் பூஜைக்குச் சந்தனம் வைக்கிறான், சிலிண்டரின் அடியில்.