சாமி முடியும் சைக்கிள் செயினும்

தேங்காய் எண்ணெயும் சைக்கிள் கிரீஸும் கலந்தால் ஒரு வாசனை வரும். ஊசிப்போன அல்வாவை ரயில் எஞ்சினுக்குள் ஒளித்து வைத்தது போன்ற அந்த வாசனையை உலகத்தில் விரும்பி முகர்பவன் அநேகமாக நான் ஒருவன்தான். எங்கே அது மூக்கில் பட்டாலும், சந்திரகிரியைத் தாண்டி மலைகளுக்கு நடுவே கல்யாணி ஆற்றை ஒட்டிப் போகும் மண்பாதையும், பாறைச் சந்துகளில் சீத்தாப்பழம் வெடித்துக் கிடந்த ஆவணி மாதமும், என் இடுப்பைத் தொட்ட சடையும் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

ஆம், சடை. நான்கு வயது வரை நான் வாய் திறக்கவில்லையாம். "புள்ள பேசிட்டா அவன் முடிய வளத்து, பத்து வயசுல மலைக்கு வந்து குடுக்கிறேன்" என்று நைனா, அதாவது அப்பா, ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டார். ஆறே மாதத்தில் பேசினேன், இன்றுவரை நிறுத்தவில்லை. சாமி தன் பங்கைச் செய்துவிட்ட நிலையில் எங்கள் பங்கு என் தலையில் வளர்ந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் என்னை "பாப்பா" என்று கூப்பிட்டு உட்கார இடம் கொடுப்பார்கள்; கொள்கையைக் காட்டிலும் இடம் பெரிது என்பதால் நான் மறுத்துப் பேசுவதில்லை. ஒரே ஒரு கவலைதான். "கத்திரி பட்டுதுன்னு வெச்சுக்க, குடுத்த பேச்ச சாமி திரும்ப வாங்கிக்குவாரு" என்று மாமா மகள் வசந்தா அக்கா அடிக்கடி பயமுறுத்திவந்தாள். என்னைவிட மூன்று வயது பெரியவள். அவள் சொன்னால் நான் நம்பிவிடுவேன்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை மொட்டை என்று முடிவாகியிருந்தது. அதற்கு மூன்று வாரம் இருந்தபோது, நைனாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு இருவரும் சீத்தாப்பழம் பொறுக்கப் போனோம். அக்கா மிதிக்க, நான் "கேரியரில்" உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டே வந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்ததால் ஆறு முழங்கால் அளவுக்கு ஓடியது. அணைக்கட்டுக்குக் கொஞ்சம் முன்னால், கல்லில் ஏறி இறங்கியதில் செயின் கழன்றது.

நான் குனிந்து செயினைப் பல் சக்கரத்தில் மாட்டினேன். "மாட்டிக்கிச்சாடா?" என்று கேட்டவள் பதிலுக்குக் காத்திராமல் பெடலைச் சுற்றினாள். செயின் மாட்டிக்கொண்டது, கூடவே என் சடையின் நுனியும். நான் அலறியதும் பதறிப்போய்ப் பின்பக்கமாகச் சுற்றினாள். செயின் மறுபடி கழன்று, சடையோடு சேர்ந்து சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவே இறுகிவிட்டது.

சத்தம் கேட்டு, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கொடுவாளுடன் ஓடி வந்தாள். "பொண்ணு, தலைய ஆட்டாத. ஒரே வெட்டுதான்" என்று சடையைப் பிடித்தாள்.

"வெட்டாத! சாமி முடி!" என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் கத்தினோம்.

கொடுவாள் கீழே விழுந்தது. "ஐயோ தேவுடா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "காலு மாட்டிகினு இருந்தாகூட யோசிக்காம வெட்டியிருப்பேன் நாயனா. இது ஏழுமலையான் சொத்து. அப்படியே சைக்கிள் கடைக்குத் தள்ளிகினு போங்க."

அப்படியே போனோம். சைக்கிளை அக்கா தள்ள, பக்கத்தில் சடையின் நீளத்துக்கு ஏற்றபடி குனிந்து, அதனிடம் ஏதோ ரகசியம் கேட்பவன் போல நான் நடந்தேன். எதிரே வந்த பால்காரர் இறங்கி, தானும் குனிந்து, "இன்னா பாப்பா தேடற?" என்றார்.

வெட்டவில்லைதான், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் நாலைந்து முடி அறுவது தெரிந்தது. எத்தனை அறுந்தால் பேச்சு போகும் என்று அக்கா சொல்லியிருக்கவில்லை. ஆகவே, இருக்கிறதா போய்விட்டதா என்று பார்ப்பதற்காகவே பேசிக்கொண்டு வந்தேன். வாய்ப்பாடு முழுவதும் ஒப்பித்துத் தீர்ந்தபின், சைக்கிளின் முக்கோணச் சட்டத்துக்குள் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அதோ கொக்கு, அதோ புங்கமரம், அதோ தண்ணீரில் தலைகீழாக மலை. எத்தனையோ முறை போன பாதைதான். அதை ஒழுங்காகப் பார்த்தது அன்றுதான். வலித்தது, ஆனாலும் அழகாக இருந்தது என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடைக்காரர் செயினைப் பிரித்தெடுத்தார். சடை வந்தது, ஒரு பிடி முடி மட்டும் கிரீஸில் ஊறிக் கையோடு வந்துவிட்டது. அதற்குள் யாரோ சொல்லி நைனா ஓடி வந்தார். அடி விழும் என்று நான் கண்ணை மூடினேன். அவர் முடியையே பார்க்கவில்லை. என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, "எதுனா பேசுடா" என்றார். பேச்சு போய்விடும் என்ற பயத்தை அக்கா எங்கிருந்து கற்றுக்கொண்டாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆற்றங்கரை முழுக்கப் பேசிய எனக்கு அந்தச் சமயத்தில் வாய் எழவில்லை. கடைக்காரரின் பம்புகூட நின்றுவிட்டது. "பேசுடா கண்ணு."

"பெடலச் சுத்தனது அக்காதான்" என்றேன்.

நைனா கடை வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். வசந்தா அக்கா சிரிக்கவில்லை.

மலையில் மொட்டையடிக்கும்போது, காகிதத்தில் மடித்து வைத்திருந்த அந்தக் கிரீஸ் முடியையும் நைனா பக்தியோடு நீட்டினார். முகர்ந்து பார்த்த நாவிதர், "ஏம் நாயனா, சைக்கிலுக்கி கூடா மொக்கு உந்தா?" என்றார். சைக்கிளுக்கும் வேண்டுதலா என்று கேட்டாலும், அதையும் மற்ற முடியோடு சேர்த்துப் போட்டுக்கொண்டார். கணக்கு நேராகிவிட்டது.

சென்ற மாதம் அதே பாதையில் நானும் அக்காவும் போனோம். வாடகைக்கு எடுத்த கியர் சைக்கிள்கள், இருவர் தலையிலும் ஹெல்மெட். பாதி தூரம் தார் போட்டிருக்கிறார்கள். ஆற்றில் மணலைக் காணோம், ஆடுகளைக் காணோம். என் தலையிலும் முப்பத்தைந்து வயதுக்குள் எல்லாம் போய்விட்டது. எந்த வேண்டுதலும் இல்லாமல், யாருக்கும் பயன்படாமல். மலைகள் மட்டும் இருந்த இடத்தில் இருந்தன, அவற்றைப் பற்றி நான் பேசிக்கொண்டே வந்தேன்.

அணைக்கட்டுக்குக் கொஞ்சம் முன்னால் என் செயின் கழன்றது. வியர்வைக்காக ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்தேன். அக்கா பெடலில் கை வைத்தாள். என் தலையை ஒருமுறை பார்த்தாள்.

"இப்ப தைரியமா சுத்தலாம்டா. நீ பேசிகினே இரு."