வெடித்த சுவரை இடித்தது நான்தான்

பிழைக்க வந்த வடக்கில், ரஞ்சன்காவ் என்கிற ஊரைத் தாண்டி நாங்கள் வாங்கிய துண்டு நிலத்தில் ஓர் அறையை மண்ணாலேயே கட்டப்போகிறேன் என்றேன். கணவர் சிரித்தார். சிஞ்ச்வட்டில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை வேலை அவருக்கு. மயிரிழை பிசகினாலும் தூக்கம் வராது.

"கட்டு. சுவர் வெடிச்சா சிமெண்டுக் கல்லு வந்து எறங்கிரும். பொறவு பேசப்பிடாது" என்றார். சரி என்றேன். வீறாப்புக்கு எனக்குக் குறைச்சலே இல்லை.

திருநெல்வேலியில் எங்கள் வீட்டார் செம்மண் குழைக்கிற பக்குவம் எனக்குத் தெரியும். கொஞ்சம் மணல், நறுக்கிய வைக்கோல், சாணம். ஊறப்போட்டுக் காலால் மிதிக்க வேண்டும். அதே பக்குவத்தில் இங்கேயும் குழைத்தேன். ஆனால் இது கரிசல். தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இடுப்பளவு எழுப்பிய சுவர் விரல் நுழைகிற அளவு வெடித்துவிட்டது.

"இது சுவரா, கோடையில வத்துன குளமா? ஞாயித்துக்கெழம லாரி வரும்" என்றார். அழுகை வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது.

ஒரு மூட்டைக் கரிசலையும், முரும் என்று இங்கே விற்கிற சரளை மண்ணையும் எங்கள் அடுக்குமாடிக்கே கொண்டுவந்தேன். கலவையை மாற்றி மாற்றி உருண்டை பிடித்து, கார் நிறுத்துமிடத்துக் கைப்பிடிச் சுவரில் காயவைத்தேன். இங்கே மண் கூடாது என்று சொசைட்டி செக்ரட்டரி ஓடிவந்தார்.

"மேடம், மிட்டி யஹா நஹி சலேகா!"

"சலேகா, அதெல்லாம் ஆகும்," என்று சொல்லிவிட்டு அடுத்த உருண்டையைப் பிடித்தேன்.

கரிசலைவிட முரும் கூடுதலாகப் போட்ட உருண்டை வெடிக்கவில்லை. தரையில் ஓங்கிப் போட்டும் உதிரவில்லை. எனக்கு அது போதும்.

சனிக்கிழமையே போய்ச் சுவரை நானே கடப்பாரையால் இடித்தேன். கட்டிகளை உடைத்துத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டேன். மறுநாள் முருமைக் கொட்டி மிதித்துக்கொண்டிருக்கும்போது லாரியோடு கணவர் வந்தார். சுவர் இல்லாததைப் பார்த்து அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லவேள, நீயே இடிச்சிட்டியா?"

"மறுபடி கட்டத்தான் இடிச்சேன். லாரியத் திருப்பி அனுப்புங்க."

"திரும்பவும் வெடிச்சா?"

"திரும்பவும் இடிச்சு, இதே மண்ணக் கொழைப்பேன். ஒங்க கல்லு வெடிச்சா நீங்க என்ன செய்வீய?"

அவர் லாரிக்காரரைப் பார்த்து, திருப்பச் சொல்லிக் கையைக் காட்டினார். லாரி திரும்பிப் போக வேலிக் கேட்டைத் திறந்துவிட மட்டும்தான் நான் அந்தச் சேற்றைவிட்டு வெளியே வந்தேன்.