பஸ்ஸுக்குள் ஒரு தாழ்ப்பாள்

என் கணவருக்கு டேப் வைத்து அளக்கத் தெரியாது. கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி போடுகிறவர். இருபது வருடமாக அவருக்கு அளவு என்றால் பிரியாணி வேகும் அண்டா, அந்தத் தேக்சாதான். எங்கள் வீட்டு வாசற்கதவு எத்தனை அடி அகலம் என்று கேட்டுப் பாருங்கள். "பெரிய தேக்சாவ நிமித்தித் தூக்குனா போகாது, சாச்சு உருட்டுனா போகும்" என்பார். அப்படிப்பட்ட மனுஷர் ஒரு நாள் மத்தியானம் வந்து, பழைய பஸ் ஒன்று வாங்கி அதற்குள் வீடு கட்டப்போகிறேன் என்றால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

"அடுப்புப் பக்கத்துலயே நின்னு நின்னு உங்களுக்கு மூளை வெந்துபோச்சு" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுக்கொண்டே, "புள்ளைக்குத்தான்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாய் மூடியதை எங்கள் தெருவில் பார்த்தவர்கள் குறைவு.

எங்கள் மகளுக்கு அப்போது பதினாறு வயது. பிறந்ததிலிருந்தே கால் இரண்டும் வேலை செய்யாது. கைக்கு மட்டும் அப்படி ஒரு பலம், வாய்க்கு அதைவிட. வீல்சேரில் உட்கார்ந்து வீட்டையே உருட்டி மேய்ப்பாள். வீட்டுப் பாத்ரூமில் என் தம்பி சுவரில் கம்பி அடித்துக் கொடுத்திருந்தான். அதைப் பிடித்துத் தானே போய்த் தானே வருவாள். வெளியே கிளம்பினால்தான் வம்பு. பஸ் படி, மண்டபத்துப் படி, சொந்தக்காரர் வீட்டு வாசற்படி, எல்லாவற்றுக்கும் யாராவது அவளைத் தூக்க வேண்டும். பாத்ரூம் என்றால் நான் தூக்கிக்கொண்டு போய், துண்டை விரித்து மறைத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

பதினாலாவது வயதில் ஒரு கல்யாணத்தில் நாலு ஆண்கள் அவளைச் சேரோடு தூக்கினார்கள். நல்ல மனதோடுதான் தூக்கினார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் துப்பட்டா சக்கரத்தில் மாட்டி இழுத்துவிட்டது. இரண்டு கையாலும் சேரைப் பிடித்திருந்தவளால் அதை எடுத்துப் போட முடியவில்லை. மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. அன்று வீட்டுக்கு வந்து ஒரே வார்த்தை சொன்னாள்: "இனிமே யாரும் என்னையத் தூக்கக் கூடாது. தூக்காமப் போற எடமா இருந்தா சொல்லுங்க, வாரேன்."

அப்படி இடம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடம் இருந்தது, அங்கே சரிவு கட்டியிருந்தார்கள், பக்கத்துத் தெருதான். அதைத் தாண்டி இரண்டு வருடம் அவள் எங்கேயும் போகவில்லை. பெருநாளுக்குக்கூட சித்தையன்கோட்டையில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு வரவில்லை.

அந்த அக்கா மகளுக்குத்தான் இப்போது நிக்காஹ் வைத்திருந்தார்கள். அவளும் என் மகளும் ஒரே தட்டில் சோறு தின்று வளர்ந்தவர்கள். பத்திரிகை கொடுக்க வந்தவள் என் மகளின் காலடியில் உட்கார்ந்து, "நீ வராம நான் எப்படிடி மேடையில உக்காருவேன்?" என்று அழுதாள். என் மகள் அழவில்லை. "பந்தல் தரையிலதான போடுறீங்க, அதுல நான் உருட்டிக்கிட்டே வந்துருவேன். வண்டியில எப்படி ஏறுறது? அங்க ஒரு நாள் பூரா பாத்ரூமுக்கு எங்க போறது?" என்று கேட்டாள். நிக்காஹுக்கு மூன்று மாதம் இருந்தது.

அதற்கு அடுத்த வாரம்தான் என் கணவர் பஸ்ஸோடு வந்தார். ஒரு மில்லுக்கு விருந்துச் சாப்பாடு போடப் போன இடத்தில், வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த சின்ன பஸ் ஒன்று ஓய்வு கொடுக்கப்பட்டுப் புளியமரத்தடியில் நின்றதாம். இன்ஜின் நன்றாக இருந்தது. சீட்டெல்லாம் கிழிந்து நார் நாராகத் தொங்கியது. எங்கள் வீட்டை ஒட்டி, ஆர்டர் பிரியாணி போடும் காலி இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். தெருவே கூடிவிட்டது. "என்ன, இனி பஸ் சர்வீஸா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "ஆமா, மொத டிக்கெட் உனக்குத்தான், ஏறு" என்றேன்.

மற்ற வேலை என் தம்பியுடையது. கடைகளுக்கு ஷட்டர் போடுகிறவன், முன்னே லாரி ஓட்டியவன். வண்டியை மாற்றிக் கட்டுவதற்கு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கியதும் அவன்தான். சீட்டையெல்லாம் பிடுங்கித் தரைக்குப் புதுப் பலகை அடித்தான். பிறகு பஸ்ஸின் பின்பக்கத்தை வெட்டிக் கதவு வைத்தான். அந்தக் கதவுக்கு வெளியே இரண்டு இரும்புத் தண்டவாளம், அதில் ஏறி இறங்கும் ஒரு தட்டு, பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார். பட்டனை அமுக்கினால் தட்டு ஏறும், விட்டால் நிற்கும்.

"தாங்குமா?" என்றேன்.

என் கணவர் பெரிய தேக்சாவை உருட்டி வந்து தட்டில் நிறுத்தி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினார். மூன்று ஆள் எடை இருக்கும். தம்பி பட்டனை அமுக்கினான். ஒரு சொட்டு சிந்தாமல் மேலே போனது. "மாஷா அல்லாஹ்! என் மச்சான் தேக்சாவே சர்டிபிகேட் குடுத்துருச்சு" என்று தம்பி குதித்தான்.

அன்று சாயங்காலம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் தட்டில் ஏறினாள். தம்பி பட்டன் பக்கம் கையைக் கொண்டுபோனான். "மாமா, கை எடு" என்றாள். அவளே அமுக்கினாள். மேலே போய், காலியாகக் கிடந்த பஸ்ஸுக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சேரை ஓட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிறகு ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் சேரை நிறுத்தி, அந்த இடத்திலேயே ஒரு முழுச் சுற்று சுற்றினாள். தம்பியைச் சாக்பீஸ் எடுத்துவரச் சொல்லி, சக்கரம் போன வழியை ஒட்டித் தரையில் கோடு போடச் சொன்னாள்.

"இதான் பாத்ரூம். ஒரு இஞ்சு குறையக் கூடாது மாமா."

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். மறைக்கிற பழக்கம் எனக்கில்லை.

இரண்டு நாள் கழித்து அடுப்பு மேடைக்கு அளவு எடுத்தோம். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். எங்கள் வீட்டில் நாலு பேருக்குச் சமைக்கிற பாத்திரமே கிடையாது. போகிற இடத்தில் பத்துப் பேர் வந்தால் வெறும் டீயா கொடுக்க முடியும்? நடுத்தரத் தேக்சா உட்கார்கிற மாதிரி மேடை வேண்டும் என்றேன். தம்பி தேக்சாவைக் கொண்டுவந்து வைத்தான். அதன் வயிறு மகள் போட்ட கோட்டைத் தாண்டிப் பாத்ரூம் பக்கம் போய் நின்றது.

"சின்னத் தேக்சா வச்சுக்கக்கா. புள்ள அளந்து போட்டது" என்றான் தம்பி.

"எம்புள்ள அளவு எனக்குத் தெரியாதா? கூட நான் இருக்கப்போறேன்ல. நான் பாத்துக்கிறேன்" என்றேன். சொல்லிக்கொண்டே அந்தக் கோட்டைக் காலால் தேய்த்து அழித்தேன். ஒன்றரை அடி தள்ளிப் புதுக் கோடு போட்டேன். என் கணவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மேடைக்குக் கடப்பாக்கல் போடுவதா கிரானைட் போடுவதா என்பதைத் தவிர அவர் எதுவும் கேட்கவில்லை.

வேலை முடியும் வரைக்கும் யாரும் ஏறக் கூடாது என்று மகளுக்குச் சட்டம் போட்டேன். முடித்துக் காட்ட வேண்டும் என்று ஆசை. இரண்டு கட்டில், மடக்கு மேசை, ஃபேன், கூரை மேல் தண்ணீர் டேங்க், ஜன்னலுக்கு நானே தைத்த மாம்பழ மஞ்சள் திரை. நிக்காஹுக்குப் பத்து நாள் இருக்கும்போது, "வாத்தா, வந்து பாரு" என்று அவள் அத்தா, என் கணவர்தான், கூப்பிட்டார்.

தட்டில் ஏறினாள். கட்டிலைத் தட்டிப் பார்த்தாள், ஃபேனைப் போட்டாள், திரையைப் பார்த்து, "இந்தக் கலரு யாரு, நீயாம்மா?" என்று கிண்டல் செய்தாள். பாத்ரூம் கதவைத் திறந்து சேரை உள்ளே விட்டாள். நேராகப் போனது, திரும்பவில்லை. வலது பக்கம் முயன்றாள், இடது பக்கம் முயன்றாள், சுவரில் இடித்தது. பின் சக்கரம் ஒரு சாண் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. கதவைச் சாத்த வழியில்லை.

மெதுவாகப் பின்னால் வந்தாள். தரையைப் பார்த்தாள்.

"என் கோடு எங்கம்மா?"

"அது வந்து, அடுப்புக்கு எடம் பத்தல. அதுக்கென்ன, நான்தான் கூட இருக்கேன்ல? செத்த நேரம் நான் தூக்கி..."

தூக்கி என்று சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது.

"நீ தூக்குனா அது தூக்குறது இல்லையாம்மா?" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கதவச் சாத்தணும். நான் உள்ள, நீ வெளிய. அம்புட்டுத்தான் நான் கேட்டேன்." பட்டனை அமுக்கிக் கீழே இறங்கி வீட்டுக்குள் போய்விட்டாள். நிக்காஹுக்கு வரவில்லை என்று உள்ளேயிருந்து சொல்லி அனுப்பினாள்.

எனக்கு வந்த கோபத்தை அளக்க எந்தத் தேக்சாவும் பத்தாது. முதலில் கணவரைப் பிடித்துக்கொண்டேன். "நின்னு வேடிக்கை பாத்தீங்கள்ல, ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போகும்?" அடுத்து தம்பி. "நான் சொன்னா செஞ்சுருவியா? நீ என்ன அறிவில்லாதவனா?"

"நீ அழிச்சப்பவே சொன்னேனேக்கா" என்றான் அவன்.

சொன்னான்தான். திட்டுவதற்கு இனி மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். பதினாறு வருடம் அவளைத் தூக்கிய இடுப்பு இது. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அவள் யாரும் தூக்கக் கூடாது என்று சொன்னபோது, அந்த 'யாரும்' என்பதில் என்னைச் சேர்க்காமல் கேட்டிருக்கிறேன். தாயாவது தலையாவது என்று என்னை நானே வைதுகொண்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். நானே தேர்ந்தெடுத்த கிரானைட் கல். ஏழெட்டுப் போடு போட்டதும் விண்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்த என் கணவர் உடைந்த மேடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்டார்: "ஏன்டி, நான் என்னைக்கு நாலு செவுத்துக்குள்ள நின்னு சமைச்சிருக்கேன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருடமாக மரத்தடியிலும் பந்தல் ஓரத்திலும் வானத்தைப் பார்த்துச் சமைத்த மனுஷருக்கு, பஸ்ஸுக்குள் அடுப்பு மேடை! வீடு என்றதும் உள்ளே அடுப்பங்கரை என்று இருவர் புத்தியும் போயிருக்கிறது. மூன்றாம் நாளே தம்பி பஸ்ஸின் பக்கவாட்டில் வெளிப்புறமாக மடக்கி விரிக்கும் இரும்புச் சட்டம் அடித்துவிட்டான். அடுப்பு அதில் உட்கார்ந்தது. தேக்சா கட்டிலுக்கு அடியில் போனது.

நான் மகளிடம் போய்ச் சாக்பீஸை நீட்டினேன். மன்னிப்பு என்ற வார்த்தை எனக்கு வாயில் வராது. "தப்புப் பண்ணிட்டேன். நீயே வந்து போடு" என்றேன். சேரை உருட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தாள். முன்னைவிட ஒரு சாண் கூடவே வைத்துக் கோடு போடச் சொன்னாள்.

"எதுக்குடி கூட ஒரு சாண்?"

"நீ மறுபடி அழிச்சா மிச்சம் இருக்கட்டும்னு."

தம்பி பாத்ரூம் சுவரைப் பிடுங்கி அந்தக் கோட்டில் வைத்தான். அவளை உட்கார வைத்தே கம்பிக்கு உயரம் பார்த்தோம், தாழ்ப்பாளுக்கும் உயரம் பார்த்தோம். தாழ்ப்பாள் மட்டும் ஆறு வகை கொண்டுவந்தான் தம்பி. "பூட்டுக்குப் பேர்போன ஊர்ல இருந்துக்கிட்டு இதுல கோட்டை விட்டா மானம் போயிரும்" என்றான். ஆறையும் தள்ளி இழுத்துப் பார்த்து, அவள் இருப்பதிலேயே கனமானதை எடுத்தாள்.

நிக்காஹ் அன்று காலை பிஸ்மி சொல்லிக் கிளம்பினோம். தம்பி ஓட்டினான். செம்பட்டி தாண்டியதும் மகள் ஜன்னல் திரையை ஒதுக்கிவிட்டு, போர்டு ஒன்று விடாமல் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். அக்கா வீட்டு வாசலில் பஸ் நின்றபோது பந்தலில் இருந்த சனமெல்லாம் திரும்பியது. தட்டு இறங்கியது. அவள் துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு, யார் கையும் படாமல், நேராக மணப்பெண் இருந்த பக்கம் உருட்டிக்கொண்டு போனாள். மணப்பெண் மருதாணிக் கையோடு எழுந்து ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் கண் மை கரைந்தது.

மத்தியானம் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, மகள் பஸ்ஸை நோக்கிப் போவதைப் பார்த்தேன். பழக்கதோஷம், துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். நான் படியேறி உள்ளே போவதற்குள் பாத்ரூம் கதவு சாத்தியாகிவிட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கணீரென்று கேட்டது.

நான் துண்டும் கையுமாக அங்கேயே நின்றேன்.

"அம்மா, அங்கதான் நிக்கிறியா?"

"இல்லையே."

"போம்மா, போயி சாப்புடு."

இறங்கி வந்தேன். பந்தியில் என் அக்கா சோற்றுத் தட்டோடு நிமிர்ந்து பார்த்து, "புள்ள எங்கடி?" என்றாள்.

"பாத்ரூம்ல இருக்கா."

"தனியாவா? நீ கூடப் போகல?"

"கதவு சாத்தியிருக்கு" என்றேன்.