அண்ணனின் ஜீப்பும் நான் சொன்ன ஒரு வார்த்தையும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி அவருடைய மகன் ரவி கேட்டபோது, உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பிறகு மூன்று மாதம் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. அண்ணனின் நற்குணங்களைச் சொல்வது எளிது. அவருடைய வாழ்க்கையில் நடந்ததைச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். அதற்குத்தான் இத்தனை நாள் ஆனது.

அண்ணன் மடுல்கெல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தார். எனக்கும் அவருக்கும் ஏழு வயது வித்தியாசம். அம்மா கொழுந்து எடுத்தார். அப்பாவுக்குத் தோட்டத்தை நிர்வகித்த துரையின் பங்களாவில் வேலை. துரை ஆண்டுக்கு இரண்டு முறை குடும்பத்தோடு நக்கிள்ஸ் மலைக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்குவார். பாதை உள்ள வரைக்கும் சாமான்கள் ஜீப்பில் போகும். பாதை முடிந்ததும் எல்லாம் அப்பாவின் தலைக்கு மாறும். மடக்குக் கட்டில், கதிரை, துரைசாணியின் குளியல் தொட்டிகூட அப்பா சுமந்திருக்கிறார். அப்படி ஒரு பயணத்தில் பாறையில் வழுக்கி விழுந்து அவருடைய முழங்கால் நொறுங்கியது. அதன்பிறகு அவர் நேராக நடக்கவில்லை. அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டுக் கண்டியில் ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு.

தோட்டத்துத் தமிழருக்கு அன்று எளிதில் கிடைக்காத பிரஜாவுரிமைப் பத்திரம் கையில் இல்லாததால் அவருக்குப் பல வருடம் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. பத்திரம் வந்த பிறகுதான் மாநகர சபையின் வாகனத் திருத்தகத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்தார். அந்தக் காலமெல்லாம் அவருடைய உழைப்பில்தான் நான் படித்தேன், ஆசிரியையானேன். தெல்தோட்டையிலிருந்து அண்ணியைத் திருமணம் செய்து, கட்டுகஸ்தோட்டையில் சிறிய வீடு ஒன்றைக் கட்டிக் குடியேறினார். ரவி பிறந்தான். நான்கு வருடம் கழித்து சுமதி பிறந்தாள். சுமதியை இந்த மலரைப் பெறும் இளையவர்கள் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அண்ணனுக்கு நாற்பது வயது கடந்தபோது, ஒரு தோட்டத்தின் கழிவு வாகன ஏலத்தில் பழைய ஜீப் ஒன்றை எடுத்தார். எஞ்சின் இறுகிப்போயிருந்தது. தரைத்தகடு துருப்பிடித்து, உள்ளே உட்கார்ந்தால் கீழே புல் தெரிந்தது. அதை இழுத்து வந்து வீட்டோரக் கொட்டகையில் நிறுத்தியபோது உறவுக்காரர்கள் சிரித்தார்கள். "லயத்துல ஒழுகுற கூரைக்குக் கீழ கெடந்தவங்க நாம. இப்ப காசு குடுத்துக் காட்டுல போய்ப் படுக்கணுமா?" என்று எங்கள் மாமா ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார்.

அண்ணன் கோபப்படவில்லை. "அப்பா அந்த மலைய நிமிந்து பாத்ததே இல்ல மாமா. தலையில சும இருந்துச்சு. என் புள்ளைக பாக்கட்டும்" என்றார்.

மூன்று வருடம் ஓய்வு நாள்களெல்லாம் அந்தக் கொட்டகையில் போயின. உடைந்த வேன் ஒன்றின் டீசல் எஞ்சினை எடுத்துப் பொருத்தினார். தரைக்குப் புதுத் தகடு வெட்டி வெல்டிங் செய்தார். கற்பாதையில் வண்டியின் அடி தட்டாமல் இருக்க ஸ்பிரிங்குக்கு மேலதிகப் பட்டைகள் வைத்து உடம்பை உயர்த்தினார், டயர்களும் பெரிதாயின. கூரைக்கு மேல் கூடாரமும் பாத்திரங்களும் வைக்க இரும்புக் குழாயில் கெரியர் செய்தார். பின்பக்கம் எதிரெதிராக இரண்டு நீள ஆசனங்கள். நடுவில் ஒரு பலகை போட்டால் பிள்ளைகள் இருவரும் படுக்கலாம். தைக்கிற வேலை அண்ணியுடையது. மழை தாங்கும் படங்குத் துணியில், ஜீப்போரம் இழுத்துக் கட்டும் பக்கப்பந்தல் ஒன்றை அவர் கைத் தையலாகவே தைத்து முடித்தார். அண்ணன் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

முதல் பயணத்தில் நானும் போனேன். அது போர் நடந்த, சோதனைச் சாவடிகள் இருந்த காலம். ஒரு சாவடியில் இராணுவத்தினர் எங்களை இறக்கிவிட்டு, கூடாரத்தை விரித்து, கயிற்றையும் காஸ் அடுப்பையும் புரட்டிப் பார்த்தார்கள். "தமிழ் ஆட்கள் எதுக்குக் காட்டில் தங்குறீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார்கள். "புள்ளைகளுக்கு மலையைக் காட்டத்தான், மாத்தயா" என்று அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டு மணித்தியாலம் கழித்து விட்டார்கள். ஓடைக்கரையில் கூடாரம் அடித்தோம். அட்டைகள் ஏறின. அண்ணி ஒவ்வொன்றுக்கும் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டே திட்டினார், சிரித்தார். விடிந்ததும் பனி விலகி மலை முழுதாகத் தெரிந்தது. அண்ணன் பிள்ளைகள் இருவரையும் முன்னால் நிறுத்திவைத்து, நிமிர்ந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

சுமதிக்கு மட்டும் அந்தப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை. அடைத்த ஜீப்பில் டீசல் வாடைக்குப் போக வர வாந்தி எடுத்துத் துவண்டுபோனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குப் போனபோது அண்ணன் கொட்டகையில் இருந்தார். அண்ணி உள்ளே சமையலில் இருந்தார். நான் சொன்னேன்: "அண்ணே, அந்தப் பின்கதவக் கழட்டிட்டு படங்குல தெர போட்டா என்ன? புள்ளைக்குக் காத்து வருமே."

அண்ணன் யோசித்தார். "கதவு இருந்தா பத்திரம் தங்கச்சி" என்றார்.

"பட்டி வச்சு இழுத்துக் கட்டிருங்களேன். மெதுவாத்தானே போறோம்" என்றேன்.

இவ்வளவுதான் நான் சொன்னது. அன்று சாயங்காலமே அவர் கதவைக் கழற்றினார். திரையைப் பார்த்த அண்ணி, "கதவு இல்லாம பயமா இல்லையா?" என்று கேட்டார். "பட்டி போட்டு இழுத்துக் கட்டியிருக்கேன்" என்றார் அண்ணன். அது யாருடைய யோசனை என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அப்போது யாருக்கும் தோன்றவில்லை. இரண்டாவது பயணத்தில் சுமதி திரையோரம் உட்கார்ந்து காற்று வாங்கியபடி வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தாள்.

மூன்றாவது பயணம் ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தோட்டப் பாதை வழியாக. முதல்நாள் மழை பெய்திருந்தது. முன்னால் அண்ணனும் அண்ணியும். பின்னால் நானும் ரவியும் ஒரு பக்கம், சுமதி எதிர்ப்பக்கம் திரையோரம். ஒரு வளைவில் பள்ளத்துப் பக்கச் சக்கரத்தின் கீழ் பாதையோரம் சரிந்தது. ஜீப் மெதுவாகச் சாய்ந்தது. பழைய உயரத்தில் இருந்திருந்தால் நின்றிருக்கலாம் என்று பிற்பாடு அண்ணனே சொன்னார். உயர்த்திய உடம்பும் கூரைச் சுமையும் அதை இழுத்துக்கொண்டு போயின. ஒரே ஒரு புரளல். தேயிலைச் செடிகளில் மோதி நின்றது. என் இடக்கை முறிந்தது. ரவிக்கு நெற்றியில் காயம். திரையின் பட்டிகள் அறுந்திருந்தன. சுமதி உள்ளே இல்லை.

சத்தம் கேட்டு மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். ஜீப்புக்கு மேற்புறம் கல்லோரத்தில் கிடந்த சுமதியை ஒரு கம்பளியில் ஏந்தி, மாறி மாறித் தூக்கிக்கொண்டு பெருந்தெருவுக்கு ஓடினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, அண்ணியின் மடியில் அவள் உயிர் பிரிந்தது. வயது ஒன்பது.

மரண விசாரணைக்கு முன்தினம், உறவில் சட்டம் படித்த ஒருவர் அண்ணனிடம் வந்து சொன்னார்: "மழைல பாத சரிஞ்சிருச்சு, அது உண்மதானே. அத மட்டும் சொல்லுங்க. கதவப் பத்தி யாரும் கேக்கப் போறதில்ல."

"என்னைய நானே கேட்டுக்கிட்டேனே" என்றார் அண்ணன்.

மறுநாள் விசாரணையில் அவராகவே எல்லாவற்றையும் சொன்னார்: ஸ்பிரிங்கை உயர்த்தியது, கெரியர் வைத்தது, கதவைக் கழற்றியது. விசாரணை அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு, "கதவைக் கழற்றச் சொன்னது யார்?" என்று கேட்டார்.

கையில் கட்டோடு நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. "யாரும் சொல்லல. நானாத்தான் கழட்டுனேன்" என்றார்.

என்னையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஜீப் சரிந்ததைச் சொன்னேன். கதவைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நீதிமன்றத்திலும் அண்ணன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை ஒத்திவைக்கப்பட்டது, சாரதி அனுமதிப்பத்திரம் சில காலம் பறிக்கப்பட்டது. ஜீப் திரும்பக் கிடைத்ததும் அதை வாங்கப் பலர் வந்தார்கள். எஞ்சின் நல்ல நிலையில் இருந்தது. "இதுல இன்னொருத்தன் புள்ளைய ஏத்திட்டுப் போவான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு காஸ் வெட்டியை எடுத்து, தானே பூட்டிய ஒவ்வொரு இரும்பையும் தானே வெட்டினார். நான்கு நாள் ஆயிற்று. நான் போய்ப் பக்கத்தில் நின்று, "அண்ணிக்கிட்ட சொல்லிர்றேன் அண்ணே" என்றேன். கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்: "ஜீப்பு என்னோடது. ஸ்பெனர் புடிச்ச கை என்னோடது. நீ போய்ப் பள்ளிக்கூட வேலையப் பாரு."

நான் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ள எனக்கு வசதியாகவும் இருந்தது.

அண்ணி ஆறு வருடம் அண்ணனோடு நேருக்கு நேர் பேசவில்லை. சோறு போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். சொல்ல வேண்டியதை ரவியிடம் சொல்லுவார். ஒருமுறை எனக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டே, "கதவக் கழட்டுனப்போ வேணாம்னு யாராச்சும் அழுத்திச் சொல்லியிருக்கலாமே செல்வி" என்றார். நான் குடித்த கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். உறவிலும் சிலர் அண்ணனைப் "புள்ளையத் தின்ன ஜீப்புக்காரர்" என்று மறைவில் சொன்னார்கள். நான் இருந்த இடத்திலும் சொன்னார்கள்.

பிறகு இருவரும் பேசினார்கள். ரவிக்குத் திருமணமானது, பேரப்பிள்ளைகள் வந்தார்கள். வீடு மறுபடி வீடானது. ஆனால் அண்ணன் பழைய ஆளாகவில்லை. ஓய்வு பெற்ற பிறகு தினமும் காலை தெருச் சந்திக்குப் போவார். அங்கே பள்ளிக்கூட வேன் வந்து நிற்கும். பிள்ளைகள் ஏறியதும் அண்ணன் வேன் கதவைப் பிடித்து இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். வேன் சாரதி முதலில் சத்தம் போட்டார். யாரோ அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அதன்பிறகு, அண்ணன் வந்து இழுத்துப் பார்க்கும்வரை அவர் வண்டியை எடுப்பதில்லை. நோயில் விழும் வரைக்கும் அண்ணன் ஒரு நாளும் தவறவில்லை.

இதயம் பலவீனப்பட்டு, கடைசி நான்கு மாதம் வீட்டிலும் பேராதனை ஆஸ்பத்திரியிலுமாகக் கழிந்தது. கால்கள் வீங்கின. தலையணை நான்கு வைத்துச் சாய்ந்தால்தான் மூச்சு. ஒரு பிற்பகல் நான் மட்டும் பக்கத்தில் இருந்தபோது, "இப்பவாச்சும் அண்ணிக்கிட்ட சொல்லவா அண்ணே?" என்று கேட்டேன்.

அவர் மூச்சை எடுத்து எடுத்துச் சொன்னார். "நான் போனப்புறம் ஒன் இஷ்டம். இப்ப வேணாம். ரெண்டு பேர வெறுக்க அவளுக்குத் தெம்பு இல்ல."

அதற்கு ஒன்பதாம் நாள் விடிகாலையில், அண்ணியும் ரவியும் அருகிலிருக்க அண்ணனின் மூச்சு அடங்கியது.

இந்தக் கட்டுரையை இதுவரை எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. அண்ணியிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். சிறு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் வாசித்து முடிக்கும்வரை உரிப்பதை நிறுத்தவில்லை. அதன்பிறகும் கொஞ்ச நேரம் உரித்தார்.

"எனக்குத் தெம்பு இல்லன்னு அவருக்கு யாரு சொன்னா?" என்றார்.

நான் தாள்களை மடித்தேன்.

"ஆறு வருசம் செல்வி. ஒரே வீட்டுல ஒரு மனுசனோட பேசாம இருக்க எவ்வளவு தெம்பு வேணும்னு ஒனக்குத் தெரியுமா? இருபத்தாறு வருசம் நீ இந்த வீட்டுல வந்து சாப்பிட்டுட்டுப் போயிருக்க."

பிறகு வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் வாசலில் வெகுநேரம் நின்றேன். அவர் வெளியே வரவில்லை. மறுநாள் ரவி தொலைபேசியில் பேசினான். "அம்மா அப்படியே போடச் சொல்றாங்க அத்த. ஒரு எழுத்தும் மாத்த வேணாமாம்." அவன் குரலில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அண்ணி என்னோடு பேசவில்லை.

அண்ணனின் பிணிக்காலத்தில் துணை நின்ற மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த மாநகர சபை நண்பர்களுக்கும், அயலவர்களுக்கும், தொலைவிலிருந்து வந்து போன உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. சந்தியில் காத்து நின்ற வேன் சாரதிக்கும் நன்றி. அன்று கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து எங்கள் சுமதியைக் கம்பளியில் ஏந்திச் சென்ற தோட்டத்து மக்களின் பெயர்களை நாங்கள் கேட்டு வைக்கவில்லை. அவர்களில் யாருக்காவது இந்த மலர் கிடைத்தால், அண்ணன் கடைசிவரை உங்களைப் பற்றிப் பேசினார் என்று அறிந்துகொள்ளுங்கள்.

அண்ணனின் ஆன்மா அமைதி பெற எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள். அந்தக் கதவுக்காக இத்தனை வருடம் அண்ணனைக் குறை சொன்ன உறவினர்கள், இனி அதை என்னிடம் சொல்லுங்கள். நான் கட்டுகஸ்தோட்டையில்தான் இருக்கிறேன்.

தங்கை,
செல்வி